குதிரை நேராகப் போன மாலை

ஓய்வு பெற்றபின், ஒரு கிராண்ட்மாஸ்டரின் வீடியோ பாடங்களைப் பார்த்துச் செஸ் தொடக்க ஆட்டங்களை மனப்பாடம் செய்தேன். சோதித்துப் பார்க்க, மத்திகிரியில் என் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் நஞ்சப்பா அகப்பட்டார்.

ஒரு மாலை அவர் குதிரையை நேராக நகர்த்தினார்.

“குதிரை எப்ப யானையாச்சு நஞ்சப்பா? கர்நாடகா ரூலா?”

“சரிதான் சார்...” என்று குழறினார். வாய் கோணியது. கேலி செய்கிறார் என்றெண்ணி, வீடியோவைப் போட்டு விளக்கிக்கொண்டே இருந்தேன், அவர் சரிந்து விழும்வரை. தொழிற்சாலையில் பக்கவாத அறிகுறிகளைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பெடுத்த பாதுகாப்பு அதிகாரி நான்.

“வாய் கோணினப்பவே கொண்டுவந்திருக்கணும்” என்றார் மருத்துவர். நஞ்சப்பாவுக்குப் பேச்சு திரும்பவில்லை.

“நீங்க பக்கத்துல இருந்ததாலதான் சார் உயிராவது தங்குச்சு” என்று அவர் மனைவி பார்க்கும்போதெல்லாம் கும்பிடுகிறார். நானும் பதிலுக்குக் கும்பிடுகிறேன். நஞ்சப்பா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு எவ்வளவு நினைவிருக்கிறதென்று தெரியவில்லை.