வெள்ளைத் துண்டில் முப்பத்தேழு நீலப் புள்ளிகள்

1986 மார்ச். செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பச்சைக்குழந்தை வார்டில், கை கழுவும் தொட்டியின் விளிம்பிலும் பக்கத்துப் பால் கரண்டித் தட்டிலும் மூன்றாவது வாரமாகச் சோதனையில் கிருமி தெரிந்தது. தொட்டியைக் கழுவுகிறவள் ராபியா, தாராவியிலிருந்து வரும் ஆயா.

"அடுத்த திங்கக்கிழமையும் இப்படி வந்துதுன்னா உன்னை வேற வார்டுக்கு மாத்திடணும்னு டாக்டர் சொல்றார். நான் என்ன பண்ணட்டும், சொல்லு?" என்றாள் மேட்ரன் வாலாம்பாள்.

ராபியாவுக்குத் திட்டு வாங்குவது பெரிதில்லை. அந்தப் பதினான்கு தொட்டில்களை விட்டுப் போவதைத்தான் நினைக்க முடியவில்லை. பிரஷ் தேயத் தேய்த்தாள், ஃபினாயிலை இரட்டிப்பாக்கினாள். ஆனால் யாரும் ஈரக்கை வைக்காத தட்டு எப்படி நனைகிறது என்பது மட்டும் அவளுக்கு விளங்கவில்லை.

வியாழக்கிழமை வீட்டில் கணவர் ஜெயினுலாப்தீனின் வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்தாள். வாளிக்குள் குழாய்த் தண்ணீர் விழுந்த வேகத்தில் சுவரெல்லாம் நீலம் தெறித்தது. சட்டையை அப்படியே விட்டுவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் வார்டில் தட்டை ஒதுக்கிவிட்டு, கரைத்த நீலத்தைத் தொட்டியில் தண்ணீர் போகும் ஓட்டைக்குள் ஊற்றினாள். சுற்றிலும் வெள்ளைத் துண்டு விரித்தாள். நர்ஸுகள் கழுவுவதுபோலவே குழாயை முழுக்கத் திறந்து கை கழுவினாள். துண்டில் முப்பத்தேழு புள்ளிகள். எண்ணிப் பார்த்தாள், இரண்டு முறை. கடைசிப் புள்ளி, பால் கரண்டித் தட்டு வழக்கமாக இருக்கும் இடத்தில்!

"ஐயோ, என்ன ராபியா இது! டாக்டர் பார்த்தா?" என்றாள் வாலாம்பாள்.

"பாக்கட்டும்மா. நா தொட்டியத்தான கழுவுதேன்? ஓட்டைக்குள்ள கெடக்குறத இந்தத் தண்ணிதான மேல தூக்கி எறியிது."

டாக்டர் துண்டைப் பார்த்தார். உடனே பிளம்பரைக் கூப்பிட்டார்.

வந்தவன் வெயிலுமுத்து, அவனும் தாராவிக்காரன். "என்ன யக்கா, ஆஸ்பத்திரியில ஹோலி வெளையாடுதியளா?"

"நா எங்கடே ஆடுனேன்? நீ மாட்டுன குழாதான் ஆடுது. நேரா ஓட்டையிலயே ஊத்துனா தெறிக்காதா?"

தொட்டிக்குக் கீழே இருந்த வளைவுக் குழாயைக் கழற்றினான். உள்ளே கொழகொழவென்று பாசி. அதை எடுத்துவிட்டுப் புதிது போட்டான். தண்ணீர் ஓட்டையில் விழாமல் தொட்டியின் சரிவில் வழுக்கி இறங்கும்படி வேறு குழாய் மாட்டினான். தட்டு மேசை எதிர்ச் சுவருக்குப் போனது.

திங்களன்று பஞ்சுக்குச்சியால் தடவிச் சோதனைக்கு அனுப்பினார்கள். புதன்கிழமை காகிதம் வந்தது. வாலாம்பாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள்: "ஓட்டைக்குள்ளே கொஞ்சம் இருக்காம். விளிம்புல இல்லை. தட்டுல இல்லை."

ராபியா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

"ஆனா நாளைக்கு நீ மேல்மாடிக்குப் போகணும்."

ராபியாவின் முகம் வாடியது. "அதான் கிருமி இல்லன்னுட்டாவளே! எதுக்கும்மா?"

"அங்கே ஏழு தொட்டி இருக்கு. நீலம் எடுத்துண்டு போ. முடிச்சுட்டு இங்கேயே வந்துடு."

ராபியா சிரித்த சிரிப்பில் மூன்று குழந்தைகள் விழித்துக்கொண்டன.