லக்னோவுக்கு மூன்று, பிண்டாரிக்கு எட்டு

கேயா மஜும்தாருக்கு ஓரிடத்தில் அரைமணி சேர்ந்தாற்போல் உட்கார வராது. கல்கத்தாவில், தாகுரியா ரயில்வே பாலத்தை ஒட்டிய இரண்டாம் மாடி வீட்டில் தேநீரைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பாள். வயது நாற்பத்தொன்பது. துர்கா பூஜை விடுமுறைக்கு ஐந்து மாதம் இருக்கையிலேயே கட்டில்மேல் இமயத்தின் குமாவுன் மலை வரைபடத்தை விரித்துவிட்டாள்.

இருபத்தொரு வயதில், ஜல்பைகுரியில் இருந்தபோது, டார்ஜிலிங் போய் மலையேறும் பயிற்சி முடித்தவள் அவள். கட்வால் சிகரம் ஒன்றுக்குப் புறப்பட்ட பெண்கள் குழுவில் அவள் பெயரும் இருந்தது. கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது அப்பா இறந்துபோனார். மின்வாரியத்தில் அவர் பார்த்த வேலை இவளுக்கு வந்தது. குழு ரயிலேறிய அன்று கேயா அலுவலகத்தில் கோப்புகளுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சுபிமலோடு கல்யாணம், கல்கத்தாவுக்கு மாற்றல், ஒரு மகள்.

சுபிமல் கல்லூரியில் சரித்திரம் சொல்லித்தருபவன். அதனால் இருபத்தைந்து வருட விடுமுறையும் சரித்திரமாகவே போனது. முர்ஷிதாபாத், டெல்லி, காசி இரண்டு தடவை. மகள் வேலைக்காகப் பூனா போன பிறகு கேயா வாய்விட்டுக் கேட்டாள்.

"இந்தத் தடவை பதினோரு நாள். லக்னோ உனக்கு மூணு நாள். பிண்டாரி பனியாறு எனக்கு எட்டு நாள். ரெண்டு பேரும் ரெண்டுக்கும் போறோம்."

"சரி," என்றான் சுபிமல், அவ்வளவு சுலபமாக.

மறுநாளே முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களை அடைத்துக்கொண்டு அலுவலகத்தின் ஐந்து மாடியையும் ஏறத் தொடங்கினாள். மூன்றாவது மாடியில் எல்லாரும் அண்ணன் முறையில் மலய்-தா என்று கூப்பிடும் தலைமை எழுத்தர் புகைக்க நிற்பார்.

"கேயா, லிஃப்ட் ஓடுதே, தெரியாதா?"

"தெரியும் மலய்-தா."

"பூஜைக்கு மலை ஏறணும்னு வேண்டுதலா? ஊரெல்லாம் பந்தல் பார்த்துக் கிச்சுடி சாப்பிடுறப்போ நீ பனியைத் தின்னப்போறே."

அவள் மூச்சு வாங்கச் சிரித்துவிட்டு ஏறினாள்.

வீட்டில் திட்டம் வேறு திசையில் நகர்ந்தது. ஒவ்வொரு மாலையும் சுபிமலின் நோட்டுப் புத்தகத்தில் லக்னோ வளர்ந்தது. நவாப் கட்டிய இமாம்பாரா மண்டபத்துக்கு ஒரு முழு நாள் வேண்டுமாம். சௌக் கடைத்தெருச் சந்துகளுக்கு இன்னொரு நாள். பழைய மாளிகை ஒன்றில் தும்ரி பாடுகிறார்களாம், வெள்ளிக்கிழமை மட்டும். மூன்று நான்காகி, ஆடி மழையில் ஆறு ஆனது. பிண்டாரிக்கு மிஞ்சியது ஐந்து.

"அஞ்சு நாள்ல பாதி வழிதான் போகமுடியும், சுபிமல்."

"பாதி வழியிலயும் மலை இருக்குமில்ல?"

அவள் குடையை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய் நாலு சுற்று நடந்தாள். கால் சோர்ந்தது, மனம் சோரவில்லை.

பயணத்துக்கு அறுபது நாளுக்கு முன்பு, காலை எட்டு மணிக்கு ரயில் முன்பதிவு திறக்கும். அன்று இருவரும் குளிக்காமல்கூடக் கைப்பேசியோடு உட்கார்ந்தார்கள். லக்னோவுக்கு இரண்டு இருக்கை கிடைத்தது. அங்கிருந்து மலையடிவாரம் போகும் காத்கோதாம் வண்டிக்கு வந்ததும் சுபிமலின் விரல் நின்றது.

"அழுத்து. போயிடும்."

"கேயா, என்னால முடியாது."

"நேரம் ஆகுது, என்ன முடியாது?"

"மலை. ஒரு மாசமா விடிகாலையில நம்ம பாலத்துல ஏறிப் பார்க்கறேன். பாதியிலயே நெஞ்சு அடைக்குது. டாக்டர் கிட்டயும் காட்டினேன். பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா அந்த உசரத்துக்கு வேண்டாங்கறார்."

கேயா எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பினாள். "பால் வாங்கப் போறேன்னியே, அது இதுதானா? அதுக்காகவா லக்னோவை இழுத்துக்கிட்டே போனே?"

"சொன்னா நீயும் போகமாட்டே. அப்புறம் ஆயுசுக்கும் அதை என்மேல வெச்சிருப்பே."

அவளுக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது பொய்யில்லை. விட்டுக்கொடுத்திருப்பாள், மன்னித்திருக்க மாட்டாள். கைப்பேசியை அவன் கையிலிருந்து வாங்கிக் காத்கோதாமுக்கு ஒரே ஒரு இருக்கை போட்டாள். அன்று மாலையே காளிகாட்டில் ஒரு மலையேறும் கிளப்பில் பெயர் கொடுத்தாள். அந்தக் குழுவில் ஏழு பேர். எவருக்கும் முப்பது தாண்டவில்லை.

லக்னோவில் மூன்று நாள் சேர்ந்திருந்தார்கள். தும்ரி பாடிய அம்மாள் ஒரே வரியைப் பத்து விதமாகத் திருப்பித் திருப்பிப் பாட, சுபிமல் கண்ணை மூடிக் கேட்டான். கேயா தரைவிரிப்பில் கால் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். லக்னோவிலேயே தங்கப்போகும் அவன், நிலையத்தில் தேங்காய் உருண்டைப் பொட்டலத்தை அவள் பையில் திணித்தான். "தினம் ஃபோன் பண்ணு," என்றான். மலையில் கைப்பேசிக் கோபுரம் கிடையாது என்று இருவருக்கும் தெரியும்.

பிண்டாரி வழியில் காதி என்ற கிராமம் தாண்டியதும் அவளுக்கு இடது முழங்காலில் வலி கண்டது. இளசுகள் முன்னால் போக, வழிகாட்டி தேவ் சிங் அவள் நடைக்கு நடந்தான். நான்காம் நாள் காலை பிண்டாரியின் கீழ் நின்றாள். அழுக்குச் சாம்பலும் நீலமுமாகப் பனி, இடிந்த மதில்போலத் தொங்கியது. அழுவோம் என்று நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை. கண் அதையும் தாண்டி மேலே போனது.

"அந்த இடுக்குக்கு அப்பால என்ன இருக்கு?"

"அது கணவாய், தீதி. கயிறு வேணும். வைகாசியில சிலர் போவாங்க."

"என் வயசுல யாராவது போயிருக்காங்களா?"

அவன் அவள் முழங்காலைப் பார்த்துவிட்டு, "கேட்டுச் சொல்றேன்," என்றான்.

லக்னோவில் மீண்டும் சேர்ந்தபோது சுபிமல் ஒரு வயதானவரிடம் உருது எழுத்துக்களில் பாதி கற்றிருந்தான். மீதியைக் கற்க முடியவில்லையே என்று புலம்பினான். திரும்பும் ரயிலில் அவள் எழுந்து எழுந்து வாசல்பக்கம் போய்வந்தாள்.

"கால் வலின்னியே. உட்காரேன்."

"உட்கார்ந்தாதான் வலிக்குது. மே மாசம் உனக்குப் பரீட்சை வேலை எப்ப முடியும்?"

சுபிமலுக்குப் புரிந்துவிட்டது.

"நீ மேல இருக்கறப்போ நான் எந்த ஊர்ல இருக்கறது?"

"அல்மோரா. மலை வழியில இருக்கற ஊர், ரொம்ப உசரமில்ல. பழைய கடைத்தெரு இருக்கு, மரத்துல செதுக்கின வீடுங்க இருக்கு."

"எத்தனை நாள்?"

"நீயே பார்த்துச் சொல்லு," என்று கேயா மறுபடி எழுந்தாள்.