மொட்டைமாடியில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

"செருப்பைக் கழத்திட்டு ஏறும்வே, கதவு அழிஞ்சிரும்!"

போன வாரம் ஆயுத பூஜையன்று தச்சநல்லூரில் எனக்குக் கிடைத்த வரவேற்பு இது. அதட்டியவன் என் நண்பன் சண்முகம், பாலிடெக்னிக் வாத்தியார். இடம் அவன் வீட்டு மொட்டைமாடி. கதவு என்றானே, அது தரையில் சாக்பீஸால் போட்ட கோடு.

வெறும் கோடா அது? ஆத்தாடி... ஒரு ஸ்போர்ட்ஸ் காரையே முழு அளவில் வரைந்து வைத்திருந்தான்! நாலு சக்கரம், ஸ்டியரிங், தாழ்ந்த மூக்கு, பின்னால் எஞ்சின், ரெண்டே ரெண்டு சீட்டு. பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

கேபிள் டி.வி.யில் கார் ரேஸ் பார்த்துப் பிடித்த கிறுக்கு. நாமும்தான் பார்க்கிறோம்... பார்த்துவிட்டுத் தூங்கிவிடுகிறோம். இவன் சொந்தமாகவே ஒன்று செய்யப் போகிறான்.

"கனம்தான்வே எதிரி. அதைக் குறைச்சிட்டா சின்ன எஞ்சினே பறக்கும். இரும்புக் குழாயில கூடு, மேல ஃபைபர்... நாலு பேரு சேந்தா தூக்கிரலாம்."

சீட்டுக்குப் பிரம்பு நாற்காலி. அதையும் விறகுக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்து, கனம் ஜாஸ்தி என்று நாலு காலையும் அறுத்துவிட்டான். கேலி பண்ண வந்தவன் நான். ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் அவன் காரணம் சொல்லச் சொல்ல, எனக்குப் புல்லரித்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சாக்பீஸ் எஞ்சின் உறுமுவது எனக்குக் கேட்டது.

"சரிவே, நிஜ எஞ்சினுக்கு எங்க போவீரு?"

குரல் இறங்கிவிட்டது. "கீழ நிக்குல்லா, மாமா காரு... அதப் பிரிச்சாத்தான் உண்டு."

மாமா என்றால் காலமான அவன் மாமனார். திசையன்விளையில் இருந்து அவரே ஓட்டி வந்து மகளுக்குக் கொடுத்த பழைய கார். அதில் ஒரு ஸ்க்ரூவைத் தொட்டால் அவன் மனைவி கோமதி தாங்குவாளா? அவள் மாட்டேன் என்றால் இவன் கார் அடுத்த மழை வரைக்கும்தான்.

"வீட்ல கேட்டீரா?"

"பைய கேக்கணும்வே..."

"கேளுங்க, இப்பவே கேளுங்க!"

பின்னால் கோமதி நின்றாள். அப்பா காருக்குப் பூஜை போடக் கூப்பிட வந்தவள். கையில் தட்டு, சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு வைக்க நாலு எலுமிச்சம்பழம். சண்முகம் சாக்பீஸை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"இம்புட்டையும் வரைஞ்சிட்டு, என்ட்ட சொல்ல மட்டும் பயமாக்கும்?"

படத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எஞ்சின் இருந்த இடத்தில் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"இங்கனயா வைக்கப் போறிய?"

"ம்..."

"கீழ நின்னு துருப்பிடிக்கதுக்கு, ஓடட்டும். அப்பாவுக்கும் வண்டி சும்மா நின்னா பிடிக்காது."

குனிந்து, சாக்பீஸ் சக்கரம் நாலுக்கும் முன்னால் ஒவ்வொரு எலுமிச்சம்பழமாக வைத்தாள். எஞ்சினுக்குச் சந்தனம், குங்குமம். சண்முகம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான் — சாமியையா, பெண்டாட்டியையா... நான் கேட்கவில்லை. இன்னும் பிறக்காத ஒரு காருக்கு இத்தனை மனதோடு பூஜை நடந்து நான் பார்த்ததே இல்லை.

கற்பூரம் காட்டியானதும் வாத்தியார் ஐயா மிடுக்காக டிரைவர் சீட்டுக்குப் போனார்.

"அங்கன எங்க போறிய?" சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள் கோமதி. "எஞ்சின் எங்க அப்பாவோடது. மொதல்ல நான்தான் ஓட்டுவேன்."

சண்முகம் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தான். எஞ்சின் கிடைத்த சந்தோஷத்தில், ஸ்டியரிங் போனது அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை!