எட்டாம் ரூம் கடைசி பெஞ்ச்

பேய், பிசாசு, காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால், "வேற வேல இல்லியா?" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிற ஆள் நான். பதினோரு வருடமாக ஆரணியில் ஒரு கல்லூரியில் அட்டெண்டர் வேலை. ஆளே இல்லாத மூன்று மாடிக் கட்டடத்தைத் தினமும் ஒண்டியாகத் திறப்பவள். பயந்தவளாக இருந்தால் என்றைக்கோ வேலையை விட்டிருப்பேன். இப்போது சொல்லப்போகிற இந்தச் சம்பவத்தைச் சொன்னபோது என் வீட்டுக்காரரே சிரித்தார். நீங்களும் சிரிக்கலாம், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

முதலில் என் வலது கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வயதில் விசைத்தறியில் மாட்டி ஆள்காட்டி விரல் பாதி போய்விட்டது. அந்தக் கையால்தான் பெருக்குகிறேன், மணி அடிக்கிறேன், பரீட்சை நாளில் ஒவ்வொரு பெஞ்சிலும் சாக்பீஸால் பிள்ளைகளின் நம்பரை எழுதுகிறேன். அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று பிரின்சிபால் மேடமே சொல்லியிருக்கிறார்கள்.

காலை வேலை எனக்குப் பிடிக்கும். ஆறே முக்காலுக்குச் சின்ன கேட்டை என் சாவியால் திறந்து உள்ளே போனால், ரைஸ்மில்லில் நெல் அவிக்கிற வாசனை எனக்கு முன்னால் வந்திருக்கும். செய்யாறு போகிற கம்பெனி பஸ்கள் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். எட்டாம் ரூமில் கரும்பலகைக்குக் கீழே மேடையில் ஒரு நாய் படுத்திருக்கும், எழுப்பினால் முறைத்துவிட்டுத்தான் போகும், என்னமோ அதுதான் லெக்சரர் மாதிரி. பெஞ்சுக்கு அடியில் ஹேர்பின், வேர்க்கடலைத் தோல், பாதி ரப்பர். பெஞ்சின் மேலே போன வருஷம் எவனோ காம்பஸால் செதுக்கிய பெயர், அதற்குப் பக்கத்திலேயே இந்த வருஷம் வேறு பெயர்.

சுகன்யா என்று ஒரு பெண். படவேட்டுக்கு அந்தப் பக்கம் ஊர். அங்கே இருந்து முதல் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று டிரைவருக்கே தெரியாது, அதனால் ஏழேகாலுக்கே வந்துவிடும். நான் பெருக்கிக்கொண்டு போவேன், அது வராண்டாவில் காலை நீட்டிப் படிக்கும். என் ஃபிளாஸ்க் டீயில் பாதி அதற்கு. படிப்பு முடிந்து, புள்ளியியல் மட்டும் அரியர் நின்றுவிட்டது. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் போச்சு. செய்யாற்றில் ஒரு கம்பெனியில், டிகிரி முடிந்தால் ஆபீஸ் வேலை என்று சொல்லி வைத்திருந்தார்கள். "இந்த வாட்டியும் போச்சுனா அம்மாகூட நாத்து நடத்தான்க்கா போவணும்" என்றாள்.

அந்தப் பரீட்சை நாள். பரீட்சை அன்றைக்கு மட்டும், நான் உள்ளே வந்ததும் சின்ன கேட்டைப் பூட்டிவிட வேண்டும் என்பது உத்தரவு. பூட்டினேன், சாவியை இடுப்பில் செருகினேன். வெள்ளை சாக்பீஸ் தீர்ந்துபோயிருந்தது, இருந்த ரோஸ் கலரிலேயே எழுதினேன். எட்டாம் ரூமை முடித்து நிமிர்ந்தால் வாசலில் சுகன்யா நிற்கிறாள். ஏழரை இருக்கும், நீலச் சுடிதார்.

"அக்கா, என் நம்பர் எங்கியுமே இல்லக்கா."

"கண்ணத் தொறந்து பாருடி. நான் எழுதாம வுட்டனா?" என்று எகிறினேன்.

வழக்கமாகச் சிரிக்கிற பெண், அன்றைக்குச் சிரிக்கவில்லை. சரி என்று லிஸ்டை எடுத்துப் பார்த்தேன். காகிதத்தைத் திருப்பினால், பின்பக்கம் ஒரே ஒரு வரி. அரியர் நம்பர், அதுவும் ஒன்றே ஒன்று. எனக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது. கடைசி பெஞ்சில் அவள் நம்பரைப் பெரிதாக எழுதினேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இப்ப திருப்தியா? எதுனா சாப்டியா? போ, நேரம் நெறைய கீது" என்று, திரும்பியவளின் தோளில் கைவைத்து முன்னால் தள்ளினேன். துணி சில்லென்று ஈரமாக இருந்தது. பனியில் வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் விடைத்தாள் கட்டுகளைத் தூக்க வேண்டும், கறை படக்கூடாது என்று சோப்புப் போட்டுக் கை கழுவினேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து மணிக்கு மணி அடித்துவிட்டு எட்டாம் ரூமுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். கடைசி பெஞ்ச் காலி. கேன்டீன், பாத்ரூம், வராண்டா, எங்கேயும் இல்லை. மெயின் கேட்டுக்கு ஓடினேன். வாட்ச்மேன் மூர்த்தி, என் தம்பி வயசுக்காரன்.

"அந்த படவேட்டுப் பொண்ணு வெளிய போச்சா?"

"இன்னாக்கா பேசற? அது இன்னும் வரவே இல்ல. நான் கேட்டத் தொறந்ததே எட்டர மணிக்கி."

இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். சின்ன கேட் சாவி செருகியபடியே இருந்தது. நம்பினால் நம்புங்கள், அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூட்டிய காம்பவுண்டுக்குள் அந்தப் பெண் எந்த வழியாக வந்தது? கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டது. ஆனால் பயப்பட அது நேரமில்லை. மூர்த்தி சங்கிலியை எடுத்துவிட்டான். பத்தேகாலுக்கே பூட்டச் சொல்லி, பரீட்சையைப் பார்க்க வந்த சார் சொல்லியிருக்கிறார்.

"பத்தர வரிக்கும் வுடலாம்னு ரூல் கீது. பூட்டாத."

"சார் என்னைத்தான்க்கா திட்டுவாரு."

"என்னைத் திட்டச் சொல்லு. அது வந்துகினுதான் இருக்கும்."

எதை வைத்து அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டு கதவுக்கும் நடுவில் போய் நின்றேன். அந்த சாரே வந்து, "உன் வேலை போயிடும்" என்றார். "போவட்டும் சார், பத்தரைக்கி நானே பூட்டிட்டுப் போறேன்" என்றேன். நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

பத்து இருபத்தாறுக்கு ஒரு பால்காரர் மொபெட்டில் சுகன்யா வந்து இறங்கினாள், ஒரு காலில் செருப்பு இல்லை. "எந்த ரூம்க்கா?" என்று கத்தினாள். காலையில் நீதானேடி வந்து கேட்டாய் என்று வாய் வரைக்கும் வந்தது, நேரம் இல்லை. மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். எங்கேயும் தேடவில்லை, நேராகக் கடைசி பெஞ்ச். நம்பர் இருந்தது. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார், ஒரு நிமிஷம் மிச்சம். கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டார்.

மத்தியானம் வெளியே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நல்லா எழுதிட்டேன்க்கா என்றாள். காலையில் எதற்கு வந்தாய், எங்கே போனாய் என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தாள்.

"நான் எங்கக்கா வந்தேன்? பஸ்ஸு பாதி வழியிலயே நின்னுபோச்சு. ஒரே பனி, நனைஞ்சிகினே நடந்தேன். ஏழரை இருக்கும், முடியாம மதகு மேல உக்காந்து அழுதுகினு இருந்தேன். போதும், வூட்டுக்கே போயிடலாம்னு திரும்பிட்டேன். அப்ப யாரோ பின்னாலருந்து தோளப் புடிச்சித் தள்ளுனாங்க. பாத்தா ஒருத்தரும் இல்ல. என்னமோ தெரியல, வீம்பு வந்துடுச்சி, ஆரணி பக்கமாவே நடந்தேன்."

"எங்க தள்ளுனாங்க?"

"இங்கதான்" என்று முதுகைக் காட்டித் திரும்பினாள்.

நீலத் துணியில், வலது தோளில், ரோஸ் கலரில் ஒரு கை. ஒரு கட்டைவிரல், மூன்று முழு விரல், ஒரு பாதி விரல்.

நான் இழுத்துக்கொண்டு ஓடும்போது பட்டிருக்கும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். ஓடும்போது நான் பிடித்தது மணிக்கட்டை. கை கழுவி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

சுகன்யா பாஸ். இப்போது கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து எங்கள் கேட்டைத் தாண்டும்போது கை ஆட்டுவாள், நானும் ஆட்டுவேன். அவள் என்னைத் தேடி வந்தாளா, நான்தான் அந்த மதகுக்குப் போனேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். சில காலைகளில், பெருக்கிக்கொண்டிருக்கும்போதே, இல்லாமல் போன அந்த அரை விரல் சில்லென்று ஆகும், யாரோ ஒருவரின் ஈரத் துணியைத் தொட்ட மாதிரி. உடனே துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, "போ, நேரம் கீது" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். யாரிடம் என்று மட்டும் கேட்காதீர்கள்.