அணிலுக்கு இருந்த சடை

அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய கிடங்கு ஒன்றை ஸ்டூடியோவாக மாற்றியிருந்தார்கள். குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக நாலு வருஷம் அங்கே முயல் பொம்மையை ஆட்டி, அதற்குக் குரலும் கொடுத்தேன். கரடி, குரங்கு, காக்கா, ஆடு எல்லாம் ஆண்கள். முயல் மட்டும் பெண். கரடி படகு கட்டும், குரங்கு மலை ஏறும். என் முயல் சாப்பாட்டுக் கூடையோடு வந்து, "பார்த்துப் போங்கப்பா" என்று சொல்லும்.

கதை எழுதுகிறவள் என் சிநேகிதி. இருவரும் பட்டாபிராமில் ஒரே ரயிலில் ஏறுவோம். சின்ன வயதில் ஆவடி குவார்ட்டர்ஸில் அப்பாவின் ரேடியோவைப் பிரித்துப் போட்டு அடி வாங்கியதை ஒருநாள் அவளிடம் சொன்னேன். ஏன் கழட்டினாய் என்று அப்பா கத்தியதற்கு, "கழட்டிப் பார்த்தாதானே தெரியும்!" என்றிருக்கிறேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இதையே ஒரு பெண் அணிலாப் பண்ணலாம்டி" என்றாள்.

இரண்டு மாதம் அந்த அணிலைப் பற்றியேதான் ரயிலில் பேச்சு. இடுப்பில் ஸ்பேனர், எதையும் பிரித்துப் பார்க்கிற புத்தி. வீட்டில் உட்கார்ந்து நானே தைத்தேன். இரட்டைச் சடை வைக்கச் சொன்னது என் ஆறு வயது மகள்.

பொம்மையை எடுத்துக்கொண்டு, தயாரிப்பாளர் சாரோடு நடந்த மீட்டிங்குக்கு அவள் மட்டும் போனாள். "ஓகே ஆயிடுச்சு" என்று வந்து சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அடுத்த வாரம் ஒத்திகைக்குப் போனால், காக்காவை ஆட்டுகிறவர் கையில் அணில். சடையைக் காணோம். தலையில் தொப்பி.

"இன்னாக்கா, பையன் சூப்பரா கீறான்ல?" என்றார் அவர், ஒன்றும் தெரியாமல். பிறகு கட்டைக் குரலில் பேசிக் காட்டினார்: "கழட்டிப் பார்த்தாதானே தெரியும்!"

அவளை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"பொண்ணுன்னா பசங்க பார்க்க மாட்டாங்கன்னு சார் சொல்லிட்டாருடி."

"நீ என்ன சொன்னே?"

"கேரக்டராவது பிழைக்கட்டும்னு ஒத்துக்கிட்டேன்."

"சடையை யார் அறுத்தது?"

"நான்தான். வேற யாராவது அறுத்தா துணி கிழிஞ்சிடும்."

சார் அறுத்திருந்தால் கோபத்தோடு போயிருக்கும். இவள் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு பதமாக அறுத்திருக்கிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆனாலும் படப்பிடிப்பன்று முயலை மாட்டிக்கொண்டு நின்றேன். "அடேயப்பா, நீ எவ்ளோ கெட்டிக்காரன்!" என்று அணிலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னேன். ஒரே டேக்கில் ஓகே.

ஒளிபரப்பான அன்று மகள் டிவிக்குப் பக்கத்திலேயே போய் நின்றாள்.

"அம்மா, இது நம்ம அணில்தானே? ஏன் பையனாப் பேசுது?"

"மாத்திட்டாங்கம்மா."

"நீ அங்கதானே இருந்தே?"

திங்கட்கிழமை சாரிடம் போய், இனி முயலை ஆட்ட மாட்டேன் என்றேன். "சரிம்மா, மேஜை மேல வச்சிட்டுப் போங்க" என்றார். அதே அறையில்தான் அவளும் டைப் செய்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

வெள்ளானூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இப்போது எனக்கு வேலை. அணில் நிகழ்ச்சி நன்றாக ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன். போன மாதம் அவளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது: "இன்னும் கோபமா?" படித்தேன். பதில் போடவில்லை.