மனைவி கூப்பிட்ட பெரட்டு

பட்டாளத்தை விட்டு நான் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, என் மனைவி தோசைக்கல்லைப் பார்த்தபடியே கேட்டாள்: "எப்பங்க திரும்பிப் போறீங்க?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் கேட்டு வந்த கேள்வி அது. லீவில் வருவேன், பையை இறக்கி வைப்பேன், அவள் கேட்பாள். ஒரு தடவை பத்து நாள் என்பேன், இன்னொரு தடவை நாலு நாள் என்பேன். அன்றைக்கும் பதில் சொல்லப் பழக்கத்தில் வாயைத் திறந்துவிட்டேன். சொல்வதற்கு நாள் கணக்கு எதுவும் இல்லை.

"போகலியே," என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஆமால்ல?" என்றாள். அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் சிரிப்பு பிடித்துக்கொண்டது. அடுப்பில் தோசை கருகுகிறது, அதைத் திருப்ப ஆளில்லை. பள்ளிக்கூட யூனிபார்மோடு எட்டிப் பார்த்த மகள், "காலங்காத்தால ரெண்டு பேருக்கும் என்னா ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, கருகின தோசையைப் பார்த்து ரொட்டித் துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் இரண்டு வாரம் எனக்கு நிஜமாகவே தலை சுற்றியது. எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை! ஒரு நாள் பஸ் ஏறி ரிங்லெட் டவுனுக்குப் போய், நுரை பொங்க ஆற்றித் தரும் பால் டீ, ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்தேன். தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் வந்து இறங்கினதும், 'மறுபடியும் போனால் யார் கேட்கப் போகிறார்கள்?' என்று தோன்றியது. போனேன். அதே கடை, அதே நாற்காலி, இன்னொரு தே தாரிக். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தலைமுடியை வெட்டாமல் விட்டேன். காதில் முடி வந்து உரசுவது எனக்குப் புதுசு, சதா தடவிக்கொண்டே இருந்தேன். சட்டைக் கடைக்குப் போய் மஞ்சளில் ஒன்று, ரோஸ் நிறத்தில் ஒன்று, அன்னாசிப் பழம் போட்டது ஒன்று என்று வாங்கி வந்தேன். பச்சைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது யாருக்கு?" என்று அன்னாசிச் சட்டையை விரித்துக் கேட்டாள் மனைவி.

"எனக்குத்தான்."

"போட்டுக்கிட்டு எங்க போவீங்க?"

"எங்க வேணும்னாலும் போவேன்."

வெளியே இப்படி. வீட்டுக்குள்ளேயோ நான் மாறவே இல்லை. புதுசாகச் சேரும் பையன்களுக்கு அணிநடை பழக்குகிற சார்ஜனாக இருந்தவன் நான். கண்ணுக்கு முன்னால் கோணலாக எது இருந்தாலும் கை சும்மா இருக்காது. அடுப்படி டின்களை உயரவாரியாக அடுக்கினேன். வாசல் சிலிப்பர்களை ஒரே கோட்டில் நிற்க வைத்தேன். மகளின் போர்வை மடிப்பில் தப்புக் கண்டுபிடித்துப் பிரித்து மடிக்கச் சொன்னேன். மசாலாத் தூள் டின்னைத் தேடித் தேடிக் கிடைக்காமல் போன ஒரு சாயந்தரம், மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நாளைக்குப் பெரட்டுக்கு வாங்க. கொழுந்து வெட்டுற மிஷினுக்கு ஆளு பத்தல. ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லிட்டேன். இன்னும் ஒரு வாரம் வீட்ல இருந்தீங்கன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்லா."

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். என் மனைவி எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. கொழுந்து எடுக்கப் போனவள், படிப்படியாக ஏறி அந்த டிவிஷனுக்கே கங்காணி ஆகிவிட்டாள். அது நடந்தபோது நான் கேம்ப்பில் இருந்தேன். போனில் சொன்னாள். "நல்லது" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டேன். கங்காணி என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று மறுநாள் காலையில்தான் எனக்குத் தெரிந்தது.

காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பேர். பட்டாளத்துப் பரேடுதான் தோட்டத்து வாயில் விழுந்து பெரட்டு ஆகியிருக்க வேண்டும். ஒரு பரேடை விட்டு இன்னொரு பரேடுக்கு வந்திருக்கிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். பனி இறங்கிக் கிடந்தது. பங்களாதேசிகள், நேப்பாளிகள், நம் ஆட்கள் சிலர் என்று ரப்பர் பூட்சும் தொப்பியுமாகத் தோன்றின இடத்தில் நின்றிருந்தார்கள். நான் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, கட்டை விரல் கால்சட்டைத் தையலில் படும்படி விறைப்பாக நின்றேன்.

மனைவி பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். என் முறை வந்ததும் நிறுத்தினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என் பேரைச் சொன்னதில்லை. அவள் அம்மாவும் தன் புருஷன் பேரைச் சொன்னவர் இல்லை. தொண்டையைச் செருமினாள். கடைசியில், "அப்புறம்... இவரு," என்றாள்.

"சயா, புவான்!" என்று கத்தினேன்.

'இருக்கிறேன், மேடம்' என்று பட்டாளத்தில் பெண் அதிகாரிக்கு மலாயில் சொல்கிற பதில். மலைச்சரிவில் மோதித் திரும்பி வந்தது என் குரல். அடுத்த நொடி களமே சிரித்தது. மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பேருக்குப் போய்விட்டாள். ஆனால் அன்று முதல் பங்களாதேசி ஆட்களுக்கு என் பேரே 'இவரு' என்று ஆகிவிட்டது. அபாங் இவரு, அதாவது இவரு அண்ணன்.

கொழுந்து வெட்டும் மிஷினை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். தேயிலை நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் செடிக்கு மேலே கத்தி ஓடும், வெட்டின கொழுந்து பின்னால் இழுபடும் பெரிய பைக்குள் போய் விழும். பையைத் தூக்கிக்கொண்டு வர இன்னொருவர். என் ஜோடி, வேலையில் பழுத்த ஒரு பங்களாதேசிக்காரர். ஆக்சிலேட்டர் அவர் பக்கம். அவர் நடை தண்ணீர் ஓடுகிற மாதிரி. என் நடை எப்படி என்று கேட்க வேண்டுமா? கிரி, கானான், கிரி, கானான் என்று இடது வலது போட்டு நான் முன்னால் போய்விட்டேன். மிஷின் கோணி, ஒரு பக்கம் மொட்டையும் மறுபக்கம் தாடியுமாக ஆனது தேயிலை.

"அபாங் இவரு! பெலான்! பெலான்!" என்று அவர் கத்தினார். மெதுவாகப் போகச் சொல்கிறார். மெதுவாகப் போகத்தான் எனக்குத் தெரியவில்லை.

மேலேயிருந்து கங்காணியின் குரல் வந்தது. "என்னாங்க அது? பரேடா நடக்குது? செடியப் பார்த்து நடங்க!"

"பாயிக், புவான்!"

இப்படி 'ஆகட்டும், மேடம்' சொல்லிச் சொல்லியே நாலைந்து நாளில் ஒரு மாதிரி நடை படிந்தது. அப்போதுதான் துரை வந்தார். தோட்டத்து மேனேஜரை நாங்கள் இன்னும் துரை என்றுதான் சொல்கிறோம், ஆள் நம்மைப் போலத் தோசை தின்கிறவராக இருந்தாலும். ஜீப்பை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, நிரை ஓரமாக எங்களைப் பார்த்து நடந்து வந்தார். அவரைக் கண்டதும் மூளைக்குச் செய்தி போவதற்குள் கைக்குப் போய்விட்டது. மிஷினை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தேன்.

என் பக்கம் தொபுக்கென்று இறங்கிய கத்தி ஒரு தடித்த கிளையில் மாட்டி, உறுமி, அடங்கியது. ஜோடி நல்ல வேளையாக ஆக்சிலேட்டரை விட்டிருந்தார். அந்த அமைதியில் என் கை இன்னும் நெற்றியில் இருந்தது. துரை ஒரு நிமிடம் திகைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அவரும் கையைத் தூக்கி ஒரு சல்யூட் மாதிரி வைத்தார். தப்பான கை. அதைத் திருத்தச் சொல்லி என் நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

மனைவி மேலேயிருந்து இறங்கி வந்தாள். வளைந்த கத்தியைக் கழற்றச் சொன்னாள், வேறு மிஷின் வரவழைத்தாள், துரையிடம் ஏதோ சொல்லி அனுப்பி வைத்தாள். எல்லாம் முடிந்ததும் என் பக்கத்தில் வந்து, வாய் அசையாமல், "வீட்டுக்கு வாங்க, வச்சிக்கிறேன்," என்றாள்.

சாயந்தரம் பூட்சைக் கழற்றிவிட்டுப் பயந்துகொண்டேதான் உள்ளே போனேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று பதறிப்போனேன். கையை எடுத்தால், சிரிப்பு. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. "துரையும்... துரையும் சல்யூட் அடிச்சாருங்க!" என்று சொல்லி முடிக்க முடியாமல் என் தோளில் வந்து சாய்ந்தாள். இவள் இவ்வளவு சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது. லீவு நாட்களில் துணி துவைக்கவும், மருந்துக் கடைக்கு ஓடவும், சொந்தக்காரர் வீட்டுக்குப் போகவுமே பொழுது சரியாக இருந்தது. இதற்கெல்லாம் எங்கே நேரம்?

அடுத்த மாதம் என் ஜோடிக்குக் காய்ச்சல் வந்தது. மாற்று ஆள் இல்லை. மனைவி தொப்பியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஆக்சிலேட்டர் பக்கம் வந்து நின்றாள்.

"நான் போற மாதிரி வாங்க. முந்தாதீங்க."

மிஷின் இரைந்தது. அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் தேயிலை. காது அடைக்கிற சத்தத்தில் அவள் பேச்சு ஒரு வார்த்தைகூடக் கேட்காது. அவள் முகத்துத் துணி அசைவதைப் பார்த்தால் பேசிக்கொண்டே வருகிறாள் என்று தெரிந்தது. என்ன உத்தரவோ என்று நான் ஒவ்வொரு தடவையும் தலையாட்டி, "பாயிக், புவான்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் கண் சுருங்கிச் சிரித்தது. கீழேயிருந்து பனி ஏறி வந்து எங்கள் இடுப்பு வரைக்கும் மூடியது. கால் எங்கே வைக்கிறேன் என்று தெரியவில்லை. ஆனாலும் கத்தி ஒரு இடத்திலும் கோணவில்லை. எனக்குச் சரிவில் பறந்து இறங்குகிற மாதிரி இருந்தது. ஒரு சொட்டுக் கள் உள்ளே போகாமல் இப்படி ஆகுமா என்று நினைத்துக்கொண்டேன்.

நிரை முடிந்ததும் மிஷினை நிறுத்தினாள்.

"வழி பூரா என்னா சொல்லிக்கிட்டே வந்த?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலியே. பாட்டு பாடுனேன்." துணியை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினாள். "நீங்கதான் ஒவ்வொரு வரிக்கும் பாயிக் புவான்னீங்க."

பை தூக்கி வந்த நேப்பாளிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நாங்கள் சிரித்ததைப் பார்த்து அவரும் சேர்ந்துகொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் கியா பார்ம் சந்தைக்குப் போனோம். அவள் ஓட்டினாள், நான் பின்னால், அன்னாசிச் சட்டையில். இத்தனை வருஷம் இந்த மலையிலேயே குடியிருந்தும், வெளியூர்க்காரர்கள் மாதிரி கடை கடையாக நின்று வேடிக்கை பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தோம். அவித்த சோளம் தின்றோம். ஒரு குடும்பத்துக்குப் போட்டோ எடுத்துக் கொடுத்தோம். ஸ்ட்ராபெரி விற்ற அக்கா, என் சட்டையைப் பார்த்துவிட்டோ என்னவோ, "எங்கேருந்து வர்றீங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "கோலாலம்பூர்லருந்துக்கா. இப்பத்தான் கல்யாணம் ஆச்சு."

அந்த அக்கா என் காதோர நரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இப்பத்தானா?"

"ஆமாக்கா. மாப்பிள்ள வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாயிருச்சு."

அவர் சிரித்துக்கொண்டே ஒரு கை நிறைய அள்ளிக் கூடப் போட்டார். திரும்பி வரும் வழியில் கார்கள் நத்தையாக ஊர்ந்தன. மகளுக்கென்று வாங்கின பழம் அது. பிரிஞ்சாங் டவுன் தாண்டுவதற்குள் நான் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவள் வாயில் ஒன்று, என் வாயில் ஒன்று என்று போட, முழுவதையும் தீர்த்துவிட்டோம்.