கங்கு அணையாமல் ஊதுவது

என் கணவருக்கு நெஞ்சுக்குள் புற்று என்று பாளையங்கோட்டையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். குணமாக்க வழியில்லை என்பதையும் மறைக்கவில்லை. நாங்கள் சங்கரன்கோவிலுக்குத் திரும்பியபோது ஆனி மாதம். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். வீட்டுக்குள் வந்து உட்காரவில்லை, அதற்குள் அவருடைய அக்கா பேச்செடுத்தார்: தாரை வார்க்க மகளின் பெரியப்பாவைச் சொல்லிவிடலாமாம். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளை இவர் கையால்தான் கொடுப்பது என்று அப்போதே முடிவு கட்டினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா என்னை உட்காரவைத்துச் சொல்லித் தந்திருந்தார். மூச்சு முட்டினால் படுக்கவிடாதே, தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் சாயட்டும். முகத்தில் காற்றுப் படட்டும். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல விடட்டும்.

காற்றுக்கு வழிவிட்டால்தானே! "நெஞ்சு நோவுக்குக் காத்து ஆகாது" என்று அக்கா ஜன்னலைச் சாத்துவார். நான் திறப்பேன். கடைசியில் கொண்டியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன். சாத்தச் சாத்தத் தள்ளித் திறந்து மேல்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

மூச்சுப் பழக்கத்தில்தான் நானே சொதப்பினேன். "அடுப்பு ஊதுத மாதிரி ஊதுங்க" என்றேன்.

"ஏட்டி, ஆம்பளைய அடுப்பு ஊதச் சொல்லுதியே, ஊரு சிரிக்கும்லா."

"சிரிக்கட்டும். நீங்க ஊதுங்க."

ஈர விறகைப் பற்றவைப்பதுபோல முழுப் பலத்தோடு ஊதினார். இருமல் பிடித்து உலுக்கிவிட்டது. முகம் கறுத்துப்போனதும் தலையணையைக் கொடுத்து முன்னால் சாய்த்தேன்.

மறுநாள் ஒரு சட்டியில் சாம்பலோடு அடுப்புக் கங்கு ஒன்றை எடுத்துவந்து ஜன்னலருகே வைத்தேன். "இது அணையக் கூடாது. சாம்பலும் பறக்கக் கூடாது. அப்படி ஊதுங்க." முதலில் பறந்தது. போகப்போகக் கங்கு மட்டும் சிவந்தது. அன்றாடம் காலையில் எங்களுக்கு அதுதான் வேலை.

கல்யாணத்தன்று, ஹோமப் புகையெல்லாம் தாரை முடிந்தபிறகு போதும் என்று ஐயரிடம் சொன்னேன். முறைத்தார். முறைத்துவிட்டுப் போகட்டும். மகள் கையைப் பிடித்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருந்தார். நீர்ச்செம்போடு நான் பக்கத்தில். செம்பைச் சாய்க்கப்போன நேரத்தில் அவருக்கு மூச்சு முட்டியது. பெரியப்பா எழுந்து முன்னால் வந்தார்.

"இருங்க" என்றேன். சபையில் அத்தனை ஆண்களுக்கு முன்னால் நான் குரலெழுப்பியது அதுவே முதல் தடவை. இவர் காதருகே குனிந்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதிக் காட்டினேன். முன்னால் சாய்ந்து இவரும் ஊதினார். மறுபடி ஊதினார். எல்லாரும் காத்திருந்தார்கள். யாரோ விசிறத் தொடங்க, நிமிர்ந்து பார்த்தேன், அக்கா.

இவர் தலையசைத்தார். செம்பைச் சாய்த்தேன். நீர் அவர் கைவழியாக மாப்பிள்ளை கைக்கு இறங்கியது.

பந்தியெல்லாம் முடிந்தபின் ஜன்னலருகே தலையணையில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"ஏட்டி, சாம்பல் பறந்துச்சா?"

"ஒரு பொட்டுகூடப் பறக்கல" என்றேன். பாளையங்கோட்டையிலிருந்து அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.